பட்டியலின் முதல் வரியில் தெரியாத பெயர்: வீட்டு டிஎன்ஏ சோதனைக்கு ஒரு சென்னை வழிகாட்டி

மாதிரி அனுப்பி ஒன்றரை, இரண்டு மாதம் ஆனபின் முடிவு வருகிறது. உங்கள் பூர்வீகம் எத்தனை சதவீதம் தென்னிந்தியா என்று காட்டும் வண்ண வரைபடத்தைத்தான் எல்லோரும் முதலில் திறக்கிறார்கள். சென்னைக்காரருக்கு அதில் புதிதாக ஒன்றும் இருக்காது. விஷயம் அடுத்த பக்கத்தில் இருக்கிறது, 'டிஎன்ஏ மேட்ச்' என்ற பட்டியலில். அங்கே முதல் வரியில், கேள்விப்பட்டே இராத ஒரு பெயர். பக்கத்தில் 1,700 சொச்சம் என்று ஓர் எண், 'ஹாஃப் சிப்ளிங் (பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவான உடன்பிறப்பு) அல்லது அங்கிள்' என்று ஒரு குறிப்பு.

அந்த வரியைப் பார்த்துத் திகைத்தவர்களுக்கும், இனிமேல் கிட் வாங்கப் போகிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை. தளம் அளப்பது பொதுவான டிஎன்ஏவின் நீளத்தை மட்டும்தான். உறவின் பெயரை அது ஊகிக்கிறது. அந்த ஊகத்துக்கு அடிப்படையான அட்டவணை, சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யாத குடும்பங்களுக்காகப் போட்டது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டி வந்த குடும்பங்களுக்கு அதை அப்படியே பொருத்தினால் கணக்கு தப்பும். தப்பான கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வயதான அம்மா முன்னால் போய் நிற்பதைவிடப் பெரிய விபத்து இந்த விஷயத்தில் இல்லை.

கிட் வாங்குமுன்

முதல் கேள்வி: இந்தச் சோதனை உறவினர் பட்டியல் தருமா? மரபணுச் சோதனை என்று விளம்பரமாகிற பலவும் உடல்நலம், உணவு, பூர்வீகம் பற்றிய அறிக்கையோடு நின்றுவிடும். உறவைத் தேடுகிறவருக்கு அதனால் பயன் இல்லை. ஆன்செஸ்ட்ரி, 23அண்ட்மீ, மைஹெரிட்டேஜ், ஃபேமிலிட்ரீ டிஎன்ஏ ஆகிய நான்கும் சோதித்தவர்களின் பெரிய டிஎன்ஏ தொகுப்பு வைத்திருப்பவை. எல்லாமே எல்லா நாட்டு முகவரிக்கும் அனுப்புவதில்லை. பணம் கட்டுமுன் அனுப்பும் நாடுகளின் பட்டியலைப் பாருங்கள். வெளிநாட்டுச் சொந்தக்காரர் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தாலும், இங்கிருந்து போகும் மாதிரியை அந்த நிறுவனம் ஏற்குமா என்று விதிமுறையில் படித்துவிடுங்கள்.

இந்தத் தொகுப்புகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கா, ஐரோப்பாக்காரர்கள். ஆகவே சென்னைக்காரர் ஒருவருக்கு நெருங்கிய பொருத்தம் வந்தால், அந்த ஆள் பெரும்பாலும் வெளிநாட்டில் குடியேறியவராகவோ, அவர் பிள்ளையாகவோ, குழந்தையாக இருக்கும்போதே தத்துப் போனவராகவோ இருப்பார். தாம்பரத்தில் இருக்கும் ஓர் அண்ணன் சோதனையே செய்துகொள்ளவில்லை என்றால் அவர் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார். பட்டியலில் யாரும் இல்லை என்பதை, யாருமே இல்லை என்று படித்துவிட வேண்டாம்.

அந்தரங்கம் பற்றியும் யோசித்துவிடுங்கள். 2023இல் 23அண்ட்மீ தளத்தில் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருட்டுப் போயின. வேறு தளங்களில் கசிந்த பாஸ்வேர்டுகளை இங்கே போட்டுப் பார்த்துத்தான் திருடர்கள் உள்ளே நுழைந்தார்கள். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டு, பிறகு கைமாறியது. எனவே இதற்கென்று தனி மின்னஞ்சல், வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு மூன்றும் வேண்டும். பெயர் இடத்தில் இனிஷியல் மட்டும் போட்டால் போதும். இந்தியாவில் டிஎன்ஏ தொழில்நுட்பத்துக்கென்று வந்த மசோதா 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. வீட்டுக் கிட்டுகளுக்கென்று தனிச் சட்டம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் தகவலை அழிக்கச் சொல்லும் பொறுப்பு கடைசியில் உங்கள் தலையில்தான்.

இன்னொன்று. தூங்கும் தாத்தாவின் வாயில் பஞ்சுக்குச்சியை விடாதீர்கள். அவர் சம்மதிக்காத மாதிரி முடிவைத் தரலாம், ஆனால் நாளை அதை வைத்துக்கொண்டு வீட்டில் வாயே திறக்க முடியாது.

மாதிரி எடுப்பது

ஆன்செஸ்ட்ரி, 23அண்ட்மீ இரண்டும் எச்சில் குழாய் தரும். மைஹெரிட்டேஜ், ஃபேமிலிட்ரீ டிஎன்ஏ இரண்டும் கன்னத்தின் உள்பக்கம் தேய்க்கும் குச்சிகள் தரும். வாய் உலர்ந்த முதியவர்களுக்குக் குச்சிதான் சரி. எழுபது வயதுக்காரரைக் குழாய் நிறையத் துப்பச் சொன்னால் அரை மணி நேரம் போராடுவார்.

காலையில் எழுந்து, காபிக்கு முன்னால் எடுப்பது நல்லது. அது முடியாதென்றால் சாப்பிட்டு, குடித்து, பல் துலக்கி அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வெற்றிலை, புகையிலை போடுகிறவர் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பது மேல். எச்சில் என்றால் நுரையைக் கணக்கில் சேர்க்காமல் கோடு வரை நிரப்புங்கள். குச்சி என்றால் ஒவ்வொன்றுக்கும் முக்கால் நிமிடம், ஈறு இல்லாமல் கன்னத்துச் சதையில், சுழற்றிச் சுழற்றித் தேய்க்க வேண்டும். மெதுவாகத் தடவி எடுத்தால் உயிரணு போதாமல் ஆய்வகம் இரண்டாவது கிட் அனுப்பும். அதற்கு இன்னும் இரண்டு மாதம்.

குழாயில் இருக்கும் பாதுகாப்புத் திரவம் எச்சிலோடு கலந்துவிட்டால் சாதாரண வெயிலைத் தாங்கும். அதற்காக மே மாதத்தில் ஸ்கூட்டர் டிக்கியில் நாள் முழுக்க வைத்துவிடாதீர்கள். பெட்டியை மூடுமுன் கிட் எண்ணைப் போட்டோ எடுங்கள். வீட்டில் இரண்டு பேர் செய்தால் ஒருவருடையதை முடித்து, ஒட்டி, பதிவு செய்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். இருவரின் கிட்டுகள் மாறிப் பதிவானாலும் 'அதிர்ச்சி முடிவு' வரும்.

கூரியர் கவுண்டரில் 'உள்ளே என்ன' என்று கேட்டு மறுப்பதுண்டு. கிட்டோடு வந்த அறிவிப்புத் தாளை அச்செடுத்துக்கொண்டு போங்கள். நோய்த்தொற்று இல்லாத மனித மாதிரி என்றே எழுதுங்கள்; 'புத்தகம்', 'பரிசு' என்று பொய்யெழுதினால் சுங்கத்தில் மாட்டும். ஒரு கிளை மறுத்தால் ராஜாஜி சாலை ஜிபிஓ போன்ற பெரிய அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

எண்ணைப் படிப்பது

இருவர் பகிரும் டிஎன்ஏவைச் சென்டிமார்கன் என்ற அலகில் தருகிறார்கள். தளத்துக்குத் தளம் கொஞ்சம் மாறினாலும் ஏறக்குறைய இப்படி:

பெற்றோர், பிள்ளை: 3,400 முதல் 3,600 வரை.
ஒரே தாய், ஒரே தந்தைக்குப் பிறந்தவர்கள்: 2,200 முதல் 3,000 வரை, நடுவில் 2,600.
பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவான உடன்பிறப்பு, தாத்தா பாட்டி, மாமா, சித்தப்பா, பெரியப்பா, அத்தை, சித்தி: 1,300 முதல் 2,300 வரை, நடுவில் 1,750.
பெரியப்பா பிள்ளை, மாமா பிள்ளை வகை: 400 முதல் 1,400 வரை, நடுவில் 870.
அப்படிப்பட்ட இருவரின் பிள்ளைகள் ஒருவருக்கொருவர்: 200ஐ ஒட்டி.

மேலே இருக்கும் இரண்டு வரிகளில் குழப்பம் குறைவு. 3,500 என்று ஒருவர் வந்தால் அவர் உங்கள் தாய், தந்தை அல்லது பிள்ளை. விதிவிலக்கு ஒன்று உண்டு: உங்கள் அப்பா ஒரே கருவில் பிரிந்த இரட்டையராக இருந்தால், அவருடைய இரட்டையரும் அப்பா அளவுக்கே பொருந்துவார். குழப்பமெல்லாம் மூன்றாவது வரியில். தளம் அங்கே நான்கைந்து உறவை ஒன்றாகப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வயதைப் பார்த்துத் தாத்தாவை விலக்கிவிடலாம். மாமாவை அப்படி விலக்க முடியாது. அக்காள் மகனைவிட ஐந்து வயது இளைய மாமா இருக்கும் குடும்பம் நம் ஊரில் எத்தனை!

மொத்தத்தோடு இன்னொரு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்: மிக நீளமான ஒற்றைத் துண்டு எவ்வளவு என்பது. மொத்தம் 120 சென்டிமார்கன், அதில் நீளமான துண்டு 12 மட்டும் என்றால், பல தலைமுறையாக ஒரே சாதிக்குள் கல்யாணம் செய்ததில் சேர்ந்த பொடித்துண்டுகள் அவை. அதே 120இல் ஒரு துண்டு 50 இருந்தால் பொதுவான பாட்டனோ பூட்டனோ பக்கத்தில்தான் இருக்கிறார். பட்டியலின் கீழ்ப்பகுதியில் தளம் 'மூன்றாம் கசின்' என்று காட்டுவதில் பாதிக்கு மேல் அதைவிட எட்டத்து உறவாக இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

சொந்தத்தில் கல்யாணம் போடும் முடிச்சு

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. மூன்று நிலைமைகளைத் தனித்தனியே பாருங்கள்.

முதலாவது, பெண் கொடுத்துப் பெண் எடுத்தது. உங்கள் அப்பாவின் தங்கையை உங்கள் அம்மாவின் அண்ணன் கட்டியிருக்கிறார். அவர்கள் பிள்ளைக்கும் உங்களுக்கும் தாத்தா பாட்டி நால்வரும் பொது. சாதாரண மாமா பிள்ளைக்கு 870 வர வேண்டிய இடத்தில் 1,500ஐ ஒட்டி வரும். தளம் யோசிக்காமல் 'ஹாஃப் சிப்ளிங்' என்று எழுதும். அவர் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்து, குடும்பத்தோடு தொடர்பு விட்டுப்போனவராக இருந்தால், அப்பா மேல் வீணாகச் சந்தேகம் விழும்.

இரண்டாவது, அக்காள் மகளைக் கட்டியது. உங்கள் அப்பா தன் அக்காவின் மகளையே மணந்திருந்தால், உங்கள் அம்மாவின் தம்பி உங்களுக்கு மாமாவும் ஆவார், அப்பா வழியில் அத்தை மகனும் ஆவார். ஒரே ஆள் இரண்டு வழியில் வருவதால் 1,750க்குப் பதில் 2,100க்கு மேலும் போகும். உடன்பிறந்தவர் அளவின் வாசலுக்கே வந்துவிடும்.

மூன்றாவது, அக்கா தங்கை இருவரையும் ஒருவரே கட்டிக்கொண்டது, அல்லது மூத்தவள் இறந்தபின் இளையவளைக் கட்டியது. இரண்டு தாரத்துப் பிள்ளைகளும் அப்பா வழியில் உடன்பிறப்பு, அம்மா வழியில் பெரியம்மா, சித்தி பிள்ளைகள். இங்கேயும் 2,100 சொச்சம்தான் வரும். எண் ஒன்று, உறவு வேறு.

இதைப் பிரிக்க மொத்த எண் உதவாது. கீழே வரும் மூன்று சோதனைகள் உதவும். மூல டேட்டாவைத் தளத்திலிருந்து இறக்கி, ஜிப் கோப்பைப் பிரிக்காமல் ஜெட்மேட்ச் (GEDmatch) என்ற டிஎன்ஏ ஒப்பீட்டுத் தளத்தில் ஏற்றுங்கள்; முழுப் பட்டியல் வர ஒரு நாள் ஆகும். ஏற்றும்போது, குற்ற விசாரணைக்கு உங்கள் டேட்டாவைத் தருவீர்களா என்று கேட்கும். 2018இல் அமெரிக்காவில் ஒரு பழைய தொடர்கொலை வழக்கின் ஆளைப் பிடித்தது இதே தளத்தின் வழியாகத்தான். எந்தப் பெட்டியில் டிக் அடிப்பது என்பது உங்கள் இஷ்டம், ஆனால் படித்துவிட்டு அடியுங்கள். எதிராளியும் ஏற்றியிருந்தால்தான் இருவரையும் ஒப்பிட முடியும்.

ஒன்று, முழுப் பொருத்தம். ஜெட்மேட்சின் ஒருவருக்கொருவர் ஒப்பீட்டில், அம்மா வழி, அப்பா வழி இரண்டும் ஒரே இடத்தில் பொருந்தும் பகுதி பச்சையாகத் தெரியும். முழு உடன்பிறப்புகளுக்குக் கால்வாசி பச்சை. அக்கா தங்கை இருவரும் ஒருவருக்கே வாழ்க்கைப்பட்ட குடும்பத்தில் எட்டில் ஒரு பங்கு. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பத்தில் பதினாறில் ஒரு பங்கு. அப்பா மட்டும் பொது, இரண்டு அம்மாக்களுக்கும் எந்த உறவும் இல்லை என்றால் நீளமான பச்சைத் துண்டு அநேகமாக இருக்கவே இருக்காது.

இரண்டு, பெற்றோர் சொந்தமா என்று காட்டும் கருவி. உங்கள் டேட்டாவை மட்டும் கொடுத்தால் போதும். மாமன், அக்காள் மகள் கல்யாணத்தில் பிறந்தவருக்குச் சுமார் 430 சென்டிமார்கன் வரும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் அதில் பாதி. சொந்தத்தில் கல்யாணமே இல்லை என்று குடும்பம் சொல்லி, இங்கே 200 வந்தால், எங்கோ ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது. சொந்தத்தில் கல்யாணம் என்று குடும்பம் சொல்லி, இங்கே ஒன்றுமே வராவிட்டால், அது வேறு வகையில் யோசிக்க வேண்டிய சேதி.

மூன்று, எக்ஸ் குரோமோசோம். அப்பாவுக்கு இருப்பது ஒரே எக்ஸ். அதை மகளுக்கு வெட்டாமல் முழுதாகக் கொடுக்கிறார். ஆகவே இரண்டு பெண்களுக்கு அப்பா ஒருவரே என்றால் எக்ஸ் முழு நீளமும் பொருந்தியே ஆக வேண்டும். துண்டு துண்டாகப் பொருந்தினால் அவர்கள் ஓரப்பன் பிள்ளைகள் இல்லை. இந்த விஷயத்தில் இவ்வளவு கறாரான சோதனை வேறில்லை. ஆண்களுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். இரண்டு ஆண்களுக்கு அப்பா மட்டும் பொது என்றால் எக்ஸ் பொருந்தக் கூடாது, அம்மாக்கள் சொந்தமாக இருந்தாலொழிய. அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோம் வகை இரண்டு ஆண்களுக்கும் வேறு வேறாக இருந்தால் அப்பா ஒருவர் இல்லை என்பது உறுதி. ஒரே வகையாக இருந்தால் தந்தைவழி ஒன்று என்பதோடு நிற்கிறது; பங்காளிகள் எல்லோருக்கும் அதே ஒய்தான்.

இன்னொரு மாதிரி இல்லாமல் முடிவு சொல்லாதீர்கள்

பொருத்தம் எந்தப் பக்கம் என்று தெரிய, அம்மாவின் மாதிரி இருந்தால் பாதி வேலை முடிந்தது. புது ஆள் அம்மாவோடு பொருந்தவில்லை என்றால் அப்பா பக்கம். ஆனால் அம்மாவும் அப்பாவும் சொந்தம் என்றால் அந்த ஆள் அம்மாவோடும் கொஞ்சம் பொருந்துவார். அதைப் பார்த்துவிட்டு 'அம்மா பக்கம்' என்று முடிவுகட்டக் கூடாது, எந்தப் பக்கம் அளவு பெரிது என்று பார்க்க வேண்டும். அம்மா இல்லையென்றால் தாய்மாமனும் அத்தையும் அடுத்த நல்ல மாதிரிகள். ஒரு பக்கத்துக்கு ஒருவராவது வேண்டும்.

அப்பா இல்லை, அவருக்கு ஒரு தம்பி இருக்கிறார் என்று வையுங்கள். புது ஆளும் நீங்களும் அப்பா வழி உடன்பிறப்பு என்றால், சித்தப்பாவுக்கு நீங்கள் இருவரும் 1,750 அளவில் வர வேண்டும். புது ஆள் சித்தப்பாவோடு 3,500 வந்தால் கதையே மாறிவிட்டது: அவர் சித்தப்பாவின் பிள்ளை. இதை மனதில் வைத்துத்தான் சித்தப்பாவிடம் மாதிரி கேட்க வேண்டும். என்ன வெளிவரலாம் என்று சொல்லாமல் கேட்பது நியாயமில்லை.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவரின் எச்சிலில் கொடுத்தவரின் டிஎன்ஏ கலந்திருக்கும். அவரை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். முடிவு பெரிதாக இருந்தால், அதே ஆளை வேறு நிறுவனத்தில் இரண்டாவது முறை சோதித்துப் பார்ப்பது செலவானாலும் தேவை.

பெயரை வைத்துத் தேடுவது

மரபுவழி தேடும் தளங்கள் குடும்பப் பெயரை வைத்து வேலை செய்பவை. நமக்கு அது கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் தமிழரின் 'சர்நேம்' என்பது பெரும்பாலும் அவருடைய அப்பாவின் பெயர், சில சமயம் தாத்தாவின் பெயர், பெண்ணாக இருந்தால் கணவன் பெயர். அதை ஒரு குலப்பெயராக நினைத்து ஊரெல்லாம் தேடுவது வீண். அதுவே ஒரு தலைமுறை மேலே இருப்பவரின் பெயர் என்று எடுத்துக்கொண்டால் லாபம். இனிஷியல் இரண்டு இருந்தால் பெரும்பாலும் ஊர் ஒன்று, அப்பா ஒன்று. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ழகரம் என்னென்னவோ ஆகும், எனவே நான்கைந்து விதமாகத் தேடுங்கள். தத்துப் போனவருக்கு ஐரோப்பியப் பெயர்தான் இருக்கும். அவர் பக்கத்தில் பிறந்த ஆண்டும் 'மெட்ராஸ்' என்ற ஒற்றைச் சொல்லும்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

பொதுப் பொருத்தங்கள் என்ற வசதி இருக்கும். உங்களுக்கும் அவருக்கும் பொதுவாக வரும் ஆட்களைத் தாளில் எழுதி, தெரிந்தவர்களுக்கு உறவு குறியுங்கள். மலேசியா, தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ் ஆட்கள் 20, 30 சென்டிமார்கனில் வருவார்கள். கப்பலேறிப் போனவர்களின் கிளைகள் அவை; தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு மெட்ராசிலிருந்து முதல் கப்பல் 1860இல் போனது. சுவாரஸ்யம்தான், இந்த வேலைக்கு உதவாது.

காகிதத்தில் உதவுபவை: சென்னை மாநகராட்சியின் இணையப் பிறப்புப் பதிவு, பள்ளிச் சான்றிதழ், தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழ், பத்திரப்பதிவுத் துறையின் வில்லங்கச் சான்றிதழில் தெரியும் பாகப்பிரிவினைப் பத்திரங்கள். 2002, 2005 வாக்காளர் பட்டியல்களில் கதவு எண்ணோடு தந்தை அல்லது கணவன் பெயரும் இருக்கும். பிறப்புப் பதிவில் எழுதியிருக்கும் அப்பா பெயர், வீட்டார் சொன்ன பெயர் என்பதை மறக்க வேண்டாம்.

தத்து என்றால் வழி வேறு. மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறையில் வேர்தேடல் என்ற ஏற்பாடு இருக்கிறது. 18 வயது நிரம்பிய தத்துப் பிள்ளை தானே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழே என்றால் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்து. பெற்றவர் தன் பெயர் வெளியே வரக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவருடைய சம்மதம் கேட்பார்கள். மூன்றாம் ஆளுக்குக் கோப்பைத் தரமாட்டார்கள். உங்கள் உடன்பிறப்பு தத்துப் போனவர் என்றால் விண்ணப்பம் அவர் கையெழுத்தில்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை, அலுவலகம் கெல்லீசில்.

விந்தணு தானம் என்ற சாத்தியத்தையும் ஒதுக்கக் கூடாது. உங்களைவிட நான்கைந்து வயது முன்பின்னாக, வேறு வேறு குடும்பங்களிலிருந்து இரண்டு மூன்று பேர் 1,750 அளவில் வந்தால் முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான். அப்பாவின் நடத்தையைப் பிறகு பார்க்கலாம். 2021 இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டம் வந்தபின் ஒரு கொடையாளரின் அணுவை ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கக் கூடாது. அதற்கு முன் இருந்தவை வழிகாட்டு நெறிகள் மட்டுமே.

வீட்டில் கேட்பது

யாரிடம் கேட்டாலும் தனியாகக் கேளுங்கள். திவசம், கல்யாணம், அறுபதாம் கல்யாணம் நடக்கிற வாரம் வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போடுவது மன்னிக்க முடியாத காரியம். போட்ட ஐந்தாவது நிமிடம் அது கோயம்புத்தூர் பெரியப்பாவிடம் இருக்கும்.

'அப்பாவுக்கு வேறு குடும்பம் இருந்ததா?' என்று தொடங்கினால் கதவு சாத்திக்கொள்ளும். 'அம்மா, அந்த எச்சில் டெஸ்ட்ல நமக்கு ரொம்ப நெருக்கமா ஒருத்தர் பேரு வந்திருக்கு. எனக்குப் புரியல. உனக்கு ஏதாவது தெரியுமா?' என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். தெரியாது என்று சொன்னால் விட்டுவிடுங்கள். சில பேர் மூன்று நாள் கழித்து, சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேச்சை எடுப்பார்கள். பலாத்காரம், கைவிடப்பட்ட காதல், கட்டாயப்படுத்திக் கொடுக்க வைத்த குழந்தை, எதுவாகவும் இருக்கலாம். அம்மாவை விசாரிக்கும் உரிமையைச் சோதனை முடிவு உங்களுக்குத் தரவில்லை. உங்களுக்கோ அவருக்கோ தூக்கம் கெட்டால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416இல் தமிழில் பேசலாம்.

முதல் கடிதம்

பட்டியலில் வந்தவருக்கு, அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தபின் எழுதுங்கள். அவர் திகைத்துப்போய்ப் பக்கத்தை மூடிவிடலாம். சுருக்கமாக, உறவின் பெயர் சொல்லாமல், ஒரு கேள்வியோடு:

'வணக்கம். நான் சென்னையில் இருக்கிறேன். இந்தத் தளம் நம் இருவருக்கும் 1,740 சென்டிமார்கன் பொருத்தம் காட்டுகிறது. என் அப்பா வழிச் சொந்த ஊர் மதுராந்தகம் பக்கம், அம்மா வழி காஞ்சிபுரம். உங்கள் குடும்பத்துக்கு இந்த ஊர்களோடு தொடர்பு உண்டா? பதில் எழுத விருப்பமில்லை என்றாலும் பரவாயில்லை.'

தமிழ் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம், ஆங்கிலத்திலும் சேர்த்து அனுப்புங்கள். 'அண்ணா', 'நம் அப்பா' எல்லாம் இந்தக் கடிதத்தில் வேண்டாம். முகநூலில் தேடிப் பிடித்து அவருடைய மனைவிக்கு எழுதுவது கூடவே கூடாது. பலர் தளத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் திறப்பார்கள். மூன்று மாதம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு நிறுத்தம். பதில் இல்லாமல் பட்டியலிலிருந்து பெயர் மறைந்தால், அவர் தன்னை மறைத்துக்கொண்டார் என்று பொருள். அதுவும் ஒரு பதில்தான்.

சொத்து என்ற பேச்சு வந்தால்

எதிர்த்தரப்பு முதலில் பயப்படுவது இதற்குத்தான். வீட்டுக் கிட்டின் முடிவு நீதிமன்றத்தில் நிற்காது. மாதிரி யாருடையது என்று அத்தாட்சி செய்ய ஆள் இல்லை. மயிலாப்பூரில் இருக்கும் அரசு தடய அறிவியல் துறை, நேரில் போய்ப் பணம் கட்டிச் செய்துகொள்ளும் இடமில்லை. நீதிமன்றம், காவல்துறை வழியாகத்தான் போக முடியும். நீதிமன்றமும் எளிதில் உத்தரவிடாது. கல்யாண பந்தம் நீடிக்கும்போதோ, அது முறிந்து 280 நாளுக்குள் தாய் மறுமணம் செய்யாத நிலையிலோ பிறந்த குழந்தை அந்தக் கணவனின் குழந்தையே என்பது சட்டத்தின் நிலை. 1872 சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 116ஆம் பிரிவு. கேட்டவுடன் ரத்தச் சோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993லேயே கௌதம் குண்டு வழக்கில் சொல்லிவிட்டது.

செல்லாத இரண்டாம் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரின் பங்கில் உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் ரேவணசித்தப்பா வழக்கில் தீர்ப்பு வந்தது. சட்டப்படி தத்துப் போன பிள்ளைக்கு, தத்துக்கு முன்பே கைக்கு வந்த சொத்தைத் தவிர, பிறந்த குடும்பத்தில் பங்கு இல்லை. பங்கு கேட்கும் எண்ணமே இல்லையென்றால் அதை வாயால் சொன்னால் போதும். யாராவது நீட்டும் விடுதலைப் பத்திரத்தில் வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், நீங்கள் எந்தத் தரப்பாக இருந்தாலும்.

நேரில் பார்ப்பது

இரண்டு தரப்பும் சம்மதித்தபின், முதல் சந்திப்பு யார் வீட்டிலும் வேண்டாம். மதியம் மூன்று மணிக்கு மேல் கூட்டம் குறைந்த ஓட்டலோ, கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்கா போன்ற இடமோ போதும். இருவர் மட்டும், அல்லது ஆளுக்கு ஒருவர் துணை. ஒரு மணி நேரம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். கிளம்ப ஒரு சாக்கு இருப்பது இருவருக்கும் நிம்மதி. எப்படி அழைப்பது என்பதை வயதில் மூத்தவர் தீர்மானிக்கட்டும். அதுவரை 'நீங்கள்' போதும்.

பழைய போட்டோக்களை அச்சில் கொண்டுபோங்கள், போனில் காட்டும்போது வேறு படங்களும் நழுவி வந்துவிடும். அவர் போட்டோ எடுத்தால் எங்கும் பகிரக் கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். உடல்நலக் கேள்விகளை மறக்காதீர்கள்: குடும்பத்தில் யாருக்கு எத்தனை வயதில் மாரடைப்பு, சர்க்கரை எப்போது தொடங்கியது, மார்பகப் புற்றுநோய் யாருக்காவது இருந்ததா, தலசீமியா உண்டா. தத்துப் போய் வளர்ந்த ஒருவர் ஒவ்வொரு டாக்டரிடமும் இதற்கு 'தெரியாது' என்றே சொல்லி வந்திருப்பார். அந்தப் பட்டியலைத் தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.